அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வேண்டியதை வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும் என்ற அர்த்தத்தில் அதைப் பெரியவர்களுக்கே அதிகம் சொல்கிறோம். சரி, அழாத பிள்ளை? அதற்குப் பசியே இல்லையா, அல்லது அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டதா?

விளையாட்டுக் கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் டாக்டர்களும் நர்ஸ்களும் மனவியல் அறிஞர்களும் சுமார் முப்பது ஆண்டுகள் இந்த ஒரு கேள்விக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை நடந்த முக்கியமான இடம் இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டு. இன்று குழந்தை வளர்ப்பு பற்றி எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் 'பாசப் பிணைப்பு', 'பாதுகாப்பு உணர்வு' என்றெல்லாம் எழுதுகிறார்களே, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் கதை இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கதவு ஏன் மூடப்பட்டது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து வைத்தவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. அவர்களிடம் காரணம் இருந்தது.

பெனிசிலின் 1940களில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் தொண்டை அடைப்பான், செம்புள்ளிக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் ஒரு வார்டுக்குள் நுழைந்தால் ஒரு கட்டிலோடு நிற்காது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கிருமியைச் சுமந்து வரக்கூடியவர். எனவே பெற்றோரை வெளியே நிறுத்தினார்கள். எலும்பு காசநோய் போன்றவற்றுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைகளும் வீட்டாரை எப்போதாவதுதான் பார்த்தார்கள்.

இரண்டாவது காரணம் அந்தக் காலத்துக் குழந்தை வளர்ப்பு அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எம்மட் ஹோல்ட் 1894ல் ஒரு கையேடு எழுதினார். பல பதிப்புகள் ஓடிய புத்தகம். கைக்குழந்தையோடு விளையாடாதீர்கள், தூக்கி ஆட்டித் தூங்க வைக்காதீர்கள், அழுவது குழந்தைக்கு உடற்பயிற்சி என்பது அதில் இருந்த பாடம். 1928ல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தைகளைக் கட்டி அணைக்க வேண்டாம், மடியில் உட்கார வைக்க வேண்டாம், இரவு தூங்கப் போகும்போது வேண்டுமானால் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் எழுந்ததும் கைகுலுக்கினால் போதும் என்று எழுதினார்! பெற்ற குழந்தைக்குக் கைகுலுக்கல். அதையும் அறிவியல் என்ற பெயரில் படித்த குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. நியூசிலாந்தின் ட்ரூபி கிங் என்ற டாக்டர், கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் பால் கொடுக்கும் முறையைப் பரப்பினார். இங்கிலாந்திலும் அதற்கு ஏகப்பட்ட செல்வாக்கு.

மூன்றாவது காரணம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனால் குழந்தை கதறி அழுகிறது. வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகை நின்று, கொடுத்ததைச் சாப்பிட்டு, சொன்னபடி கேட்கிறது. எது நல்லது? வார்டில் வேலை செய்பவர்களின் கண்ணுக்குப் பதில் தெளிவாகத் தெரிந்தது. அமைதியான குழந்தை, "ஒத்துப்போன" குழந்தை. ஆகவே பெற்றோர் வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது!

1949ல் லண்டன் ஆஸ்பத்திரிகள் சில எந்த நேரத்தில் பெற்றோரை அனுமதித்தன என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. பாருங்கள்:

கைஸ் ஆஸ்பத்திரி - ஞாயிறு மட்டும், 2 மணி முதல் 4 மணி வரை.
செயின்ட் பார்த்தலோமியூ - புதன் மட்டும், 2 மணி முதல் 3.30 வரை.
சேரிங் கிராஸ் - ஞாயிறு, 3 மணி முதல் 4 மணி வரை.
செயின்ட் தாமஸ் - முதல் மாதம் பார்க்கவே முடியாது. ஆனால் இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், குழந்தை தூங்கும்போது பார்க்கலாம்.
லண்டன் ஆஸ்பத்திரி - மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் சந்திப்பு இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.
வெஸ்ட் லண்டன் - அனுமதியே இல்லை.

'தூங்கும்போது பார்க்கலாம்' என்ற விதியை இன்னொரு முறை படியுங்கள். அம்மா குழந்தையைப் பார்க்கலாம், குழந்தை அம்மாவைப் பார்க்கக் கூடாது.

முதலில் சந்தேகப்பட்டவர்கள்

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வட இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மார்களைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தங்க வைத்தார். தாயே குழந்தையைக் கவனித்துக்கொண்டாள், நர்ஸ்கள் துணைக்கு இருந்தார்கள். நியூசிலாந்தில் பிக்கரில் என்ற அறுவை சிகிச்சைத் தம்பதி, பிளவுபட்ட உதடும் அண்ணமும் உள்ள குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்தபோது தாய்மார்களையே பராமரிக்க வைத்தார்கள். அவர்கள் கண்டது, ஒரு குழந்தைக்கு ஒரு தாய் என்று இருந்தால் கிருமி கட்டிலுக்குக் கட்டில் தாவுவதும் குறைகிறது! கதவை மூடச் சொன்ன முதல் காரணமே அங்கே தலைகீழானது. ஆனால் இவையெல்லாம் ஒன்றிரண்டு இடங்களில் நடந்தவை. மற்றவர்கள் பின்பற்றவில்லை.

நியூயார்க்கில் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஹாரி பேக்வின் என்ற டாக்டர், வார்டில் இருக்கும் கைக்குழந்தைகள் சரியான உணவு இருந்தும் எடை கூடாமல் இளைப்பதைக் கவனித்தார். வீட்டுக்குப் போனதும் அதே குழந்தைகள் தேறினார்கள். "ஒரு குழந்தையைத் தூக்காமல் இந்த அறைக்குள் வராதீர்கள்" என்ற பொருளில் அவர் அங்கே பலகை மாட்டினார் என்பார்கள். 1942ல் அவர் எழுதிய கட்டுரையின் பொருளே கைக்குழந்தைகளின் தனிமைதான்.

அதைவிடக் கனமான அடி ரெனே ஸ்பிட்ஸ் கொடுத்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன இந்த மருத்துவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகம். அங்கே கைதிகளான தாய்மார்களே தங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றொன்று அநாதைக் குழந்தைகள் இல்லம். சுத்தம், உணவு, மருத்துவம் எதற்கும் குறைவில்லை. ஆனால் பல குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ். கட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் குழந்தைகள் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். 1946ல் அவர் வெளியிட்ட தொடர் அறிக்கையின்படி, இல்லத்தில் கவனிக்கப்பட்ட 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். சிறைக் காப்பகத்தில் ஒரு மரணமும் இல்லை. அவருடைய ஆய்வு முறையில் குறைகள் உண்டு என்று பின்னால் பலர் விமர்சித்தார்கள். ஆனால் அவர் எடுத்த படத்தில் இருந்த குழந்தைகளின் முகத்தை யாராலும் மறக்க முடியவில்லை.

போர் நடத்திய பரிசோதனை

1939 செப்டம்பர் 1. ஜெர்மனியின் குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்து நகரங்களிலிருந்து மக்களைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முதல் சில நாட்களில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள், பெற்றோர் இல்லாமல் ரயிலேறினார்கள். அதே டிசம்பரில் ஜான் போல்பி, டொனால்ட் வின்னிகாட், இம்மானுவேல் மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து நீண்ட நாள் பிரிப்பது மனரீதியாக ஆபத்தானது என்பது அதன் சாரம். இதில் போல்பியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டும், டோரதி பர்லிங்ஹாமும் சேர்ந்து போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே அவர்கள் கண்டது எல்லோருக்கும் ஆச்சரியம். குண்டு விழும் இரவில் அம்மாவின் பக்கத்தில் இருந்த குழந்தைகள் தாங்கிக்கொண்டார்கள். பத்திரமான இடத்துக்கு அம்மா இல்லாமல் அனுப்பப்பட்ட சிறு குழந்தைகள்தான் அதிகம் உடைந்துபோனார்கள்.

அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம். டாக்டர் முதல் சமையல்காரர் வரை யார் வேலை செய்தாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே கொதிகலனைக் கவனிப்பது, உடைந்ததைச் சரிசெய்வது, இரவில் தீ காவல் போன்ற வேலைகளைச் செய்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். போரில் சேர மறுத்தவர். அவர் மனைவி ஜாய்ஸும் அங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அட்டையில் எழுதி எழுதியே ராபர்ட்சன் பார்க்கக் கற்றுக்கொண்டார். நம் கதையின் நாயகன் இவர்தான்.

மூன்று கட்டங்கள்

போர் முடிந்ததும் போல்பி, டாவிஸ்டாக் என்ற மனநல மையத்தில் பிரிவின் விளைவுகளை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1948ல் ராபர்ட்சனை அதில் சேர்த்து, ஆஸ்பத்திரி வார்டுகளில் குழந்தைகளைக் கவனித்து எழுதச் சொன்னார். ராபர்ட்சன் நாள் கணக்கில் வார்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். டாக்டர்கள் ஒரு சுற்று வந்து போய்விடுவார்கள். நர்ஸ்களுக்கு நிற்க நேரமில்லை. ஒரே குழந்தையை நாள் முழுக்கப் பார்த்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

அவர் கண்டது மூன்று கட்டங்கள்.

முதலில் எதிர்ப்பு. குழந்தை கதறும், கட்டில் கம்பியை உலுக்கும், ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்க்கும். அம்மா வருவாள் என்று நம்புகிறது.

அடுத்து நிராசை. சத்தம் குறையும். மெல்லிய அழுகை, சாப்பாட்டில் ஆர்வமின்மை, ஒரு மூலையில் ஒடுங்கல். வார்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் "பழகிவிட்டது" என்று சொன்னார்கள்.

கடைசியாக விலகல். குழந்தை சாப்பிடும், சிரிக்கும், யார் வந்தாலும் போகும். பொம்மையும் மிட்டாயும் கொடுத்தால் மகிழும். ஆனால் அம்மா வந்தால் அடையாளம் தெரியாதது போலத் திரும்பிக்கொள்ளும். நர்ஸ்களின் கண்ணில் இது முழுக்கத் தேறிய குழந்தை. ராபர்ட்சனின் கண்ணில் இது மூன்றிலும் மோசமான கட்டம். குழந்தை வலியை வென்றுவிடவில்லை, ஆசையைக் கைவிட்டுவிட்டது.

இதனால்தான் அம்மா வந்ததும் குழந்தை அழுதது. உள்ளே அடைந்து கிடந்தது ஆளைக் கண்டதும் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியோ அந்த அழுகையை நோயாகவும் மௌனத்தைக் குணமாகவும் படித்தது. அப்படியே தலைகீழ்!

எட்டு நாள் படம்

ராபர்ட்சன் இதையெல்லாம் மருத்துவர்கள் கூட்டங்களில் பேசிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. "எங்கள் வார்டில் குழந்தைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்" என்பதுதான் பதில். சொன்னால் நம்பாதவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டு பழக்கமில்லாத மனிதர், கையடக்கக் கேமரா ஒன்றை வாங்கினார்.

லாரா என்று படத்தில் அழைக்கப்படும் குழந்தைக்கு வயது 2 வருடம் 5 மாதம். தொப்புள் பகுதியில் குடலிறக்க ஆபரேஷன். எட்டு நாள் ஆஸ்பத்திரி. வேண்டுமென்றே அழுகிற குழந்தையைத் தேடிப் பிடித்தார் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார்கள். தினமும் குறிப்பிட்ட நேரங்களில், சுவர்க் கடிகாரம் தெரியும்படி படம் எடுத்தார்கள். அழும் காட்சிகளை மட்டும் பொறுக்கினார் என்ற குற்றச்சாட்டுக்கும் அங்கே இடமில்லை.

இதில் ஒரு விசித்திரம். லாரா அதிகம் அழாத குழந்தை! அந்த வயதுக்கு அபூர்வமாகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவள். படம் எடுத்தவருக்கு முதலில் இது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவளுடைய இறுகிய முகமும், கரடி பொம்மையை அணைத்துக்கொண்ட விதமும், அவ்வப்போது சன்னமான குரலில் அம்மா எங்கே என்று கேட்பதும் கதறலைவிட அதிகமாகப் பேசின. அம்மா பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி நாள் வீட்டுக்குப் போகும்போது தன் பொருள்களையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டாள். அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை.

1952 நவம்பரில் லண்டனில் ராயல் மருத்துவ சங்கத்தில் படம் திரையிடப்பட்டது. அரங்கில் கோபம் வெடித்தது. இது ஆஸ்பத்திரிகளுக்கு அவமானம், இந்தக் குழந்தை விதிவிலக்கு, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். பல வருடங்களாக நல்ல மனதோடு வேலை செய்த ஒருவரிடம், நீங்கள் தினமும் பார்த்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? சில காலம் மருத்துவத் துறையினருக்கு மட்டுமே படத்தைக் காட்டுவது என்று முடிவானது.

கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி. அமர்ஷாம் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர். கோபத்தோடே தன் வார்டுக்குத் திரும்பியவர், அங்கிருந்த குழந்தைகளைப் பார்த்தபோது படத்தில் கண்டதையே கண்டார். அதன்பின் தன் வார்டைத் தாய்மார்களுக்குத் திறந்துவிட்டார். 1958ல் ராபர்ட்சன் தன் இரண்டாவது ஆஸ்பத்திரிப் படத்தை, தாயோடு தங்கும் ஒரு குழந்தையைப் பற்றி, அங்கேதான் எடுத்தார்.

1959ல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு தன் அறிக்கையைத் தந்தது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்க வசதி செய்ய வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அறிக்கை காகிதத்தில் இருந்தால் போதுமா? பல ஆஸ்பத்திரிகள் பழைய விதியையே வைத்திருந்தன. 1961ல் ராபர்ட்சன் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நேராகப் பெற்றோரிடம் பேசினார். அதைத் தொடர்ந்து அதே ஆண்டு லண்டன் பாட்டர்சீ பகுதியில் சில தாய்மார்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டி, பிளாட் அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தது 1960களிலும் 70களிலும்தான்.

குரங்கும் கடிகாரமும் இதயத் துடிப்பும்

இதே காலத்தில் அறிவியலும் நகர்ந்துகொண்டிருந்தது. 1951ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் போல்பி எழுதிய அறிக்கை உலகம் முழுக்கப் போனது. போல்பியின் சொந்த வாழ்க்கையும் இதில் இருக்கிறது. வசதியான ஆங்கிலக் குடும்பத்தில் அவரை வளர்த்த ஆயா, அவருக்கு நான்கு வயது இருக்கும்போது வேலையை விட்டுப் போனாள். சிறு வயதிலேயே விடுதிப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார்.

பால் கொடுப்பவளிடம்தான் குழந்தை ஒட்டிக்கொள்கிறது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. 1958ல் அமெரிக்காவின் ஹாரி ஹார்லோ அதை உடைத்தார். கம்பியால் செய்த 'தாயிடம்' பால் புட்டி இருந்தும், குட்டிக் குரங்குகள் மெத்தென்ற துணி சுற்றிய 'தாயிடமே' நாள் முழுக்க ஒட்டிக்கிடந்தன. உளவியல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் படம் மனப்பாடம். அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் இப்படி ஒரு சோதனை இன்றைக்கு நடக்கக் கூடாது என்றே தோன்றுகிறது.

போல்பியிடம் வேலை பார்த்து, ராபர்ட்சனின் பொறுமையான கவனிப்பைக் கண்டு வியந்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1954ல் உகாண்டா போன அவர், கம்பாலா அருகே கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகப் போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு சிறு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையை அறிமுகமில்லாத அறையில் விட்டு அம்மா சில நிமிடங்கள் வெளியே போவாள், திரும்பி வருவாள். மொத்தம் இருபது நிமிடம்தான். அம்மா போகும்போது அல்ல, திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே அவருக்கு முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் அம்மாவிடம் ஓடி ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனார்கள். சில குழந்தைகள் அம்மா போனாலும் அழவில்லை, வந்தாலும் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்ப்பவர்கள் "என்ன தைரியமான குழந்தை" என்பார்கள். 1970களின் பிற்பகுதியில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளைப் போலவே அவர்களுக்கும் துடிப்பு எகிறியிருந்தது! முகம் மட்டும்தான் அமைதி.

லாராவின் இறுகிய முகத்துக்கு இருபத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்த சாட்சி அது.

எல்லாப் பழியும் அம்மாவுக்கா?

இந்த ஆய்வுகளுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. போருக்குப் பின் பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று வாதாடியவர்களுக்குப் போல்பியின் எழுத்து கையில் கிடைத்த கம்பு ஆனது. குழந்தைக்கு எது ஆனாலும் அம்மாவைக் கைகாட்டும் வழக்கம் வலுத்தது. அப்பா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 1972ல் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் இந்த விஷயத்தை மறுபரிசீலனை செய்து ஒரு புத்தகம் எழுதினார். பிரிவு ஒன்று மட்டுமே பாதிப்பதில்லை, பிரிவுக்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம், குழந்தை ஒருவருக்கு மேல் பலரோடும் பிணைப்பு கொள்ளும் என்று அவர் காட்டினார்.

இதற்கு நல்ல விளக்கத்தை ராபர்ட்சன் தம்பதியே தந்தார்கள். 1960களின் பிற்பகுதியில், தாய் பிரசவத்துக்குப் போன சமயத்தில் சில சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஜாய்ஸ் முன்கூட்டியே குழந்தையோடு பழகினார், வீட்டுப் பொருள்களைக் கொண்டுவரச் செய்தார், அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார். அந்தக் குழந்தைகள் வருந்தினார்கள், ஆனால் உடைந்துபோகவில்லை. 17 மாத ஜான் என்ற குழந்தை மட்டும் ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் இருந்தான். நர்ஸ்கள் நல்லவர்கள்தான், ஆனால் முறை மாற்றி வந்தார்கள். அவனுக்கென்று ஒருவர் இல்லை. சண்டைக்காரக் குழந்தைகள் முட்டி மோதி மடியைப் பிடித்தார்கள். சமத்தான ஜான் ஒதுங்கி நின்று காத்திருந்தான், யார் கண்ணிலும் படவில்லை. ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவளிடம் போக மறுத்தான்.

ஆக, வேண்டியது தாயின் பெயரில் ஒரு சிலை இல்லை. அப்பாவோ, பாட்டியோ, பெரியம்மாவோ, நம்பி அழுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அழுகையே இல்லாத அறை

1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தது. மக்கள்தொகையைப் பெருக்க 1966ல் கருக்கலைப்பைத் தடை செய்த ஆட்சி அது. வளர்க்க முடியாத குடும்பங்கள் அரசு இல்லங்களில் விட்ட குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். உள்ளே போன வெளிநாட்டவர்களைத் திடுக்கிட வைத்தது கைக்குழந்தைகள் அறையில் இருந்த நிசப்தம். வரிசையாகக் கட்டில்கள், விழித்திருக்கும் குழந்தைகள், ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டு வாக்கில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூவர் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். 2007ல் வெளியான முடிவுகளில் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக மேலே இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். இழந்ததில் ஒரு பகுதியையாவது மீட்கலாம், ஆனால் நாள் தள்ளத் தள்ளக் கடினம்.

நம் பக்கம்

நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலிலேயே அம்மாவும் படுத்திருப்பாள், கீழே பாயில் பாட்டி, வாசலில் தூக்குவாளியோடு அப்பா. கூட்டமும் நெரிசலும்தான். ஆனால் லண்டனில் போராடிப் பெற்ற ஒன்று இங்கே சாதாரணமாக இருக்கிறது.

இங்கேயும் மூடிய கதவு ஒன்று இருந்தது. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. காரணம் அதே கிருமிப் பயம். 2021ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,200க்கும் மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. பிறந்த உடனேயே, நிலை சீராகும்வரை காத்திருக்காமல், தாயின் மார்போடு தோல் படும்படி வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். தாயையும் அந்தப் பிரிவுக்குள்ளேயே தங்க வைத்தார்கள். முதல் 28 நாளில் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம், இதில் 12 சதவீதம். இந்தியாவில் இது நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. பிக்கரில் தம்பதி நியூசிலாந்தில் கண்டதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் இருப்பதோடு நாம் ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை. "எங்க பையன் ரொம்ப சமத்து, எதுக்குமே அழமாட்டான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். கீழே விழுந்த பையனிடம் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்கிறோம். விடுதியில் சேர்த்த முதல் வாரம் போனில் அழுத பிள்ளை, இரண்டாவது மாதம் "ம்", "சரி" என்று மட்டும் பேசினால் "பழகிட்டான்" என்று நிம்மதியாகிறோம். உண்மையிலேயே பழகியிருக்கலாம். எல்லா அமைதியும் துக்கம் இல்லை, இயல்பிலேயே சாதுவான குழந்தைகளும் உண்டு. லாராவின் வார்டில் இருந்தவர்கள் செய்த தவறு அமைதியைப் பார்த்தது அல்ல, அதற்கு மேல் பார்க்காமல் விட்டது.

வீட்டில் ஓயாமல் நச்சரித்து, காலைக் கட்டிக்கொண்டு, ஆபீஸ் கிளம்பும்போது ஊரைக் கூட்டும் குழந்தை இருக்கிறதா? களைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சத்தத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அழுதால் நீங்கள் வருவீர்கள் என்று அது இன்னும் நம்புகிறது. ஒரு மூலையில் சத்தமில்லாமல் பொம்மையை அடுக்கிக்கொண்டிருக்கும் இன்னொரு குழந்தையும் அதே வீட்டில் இருந்தால், இன்றைக்கு அது அழைக்காமலே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.